பில்லில் சேர்த்த பத்து சதவீதம் யார் கைக்குப் போகிறது?

சாப்பிட்டு முடித்ததும் வருகிற பில்லின் அடியில் 'சர்வீஸ் சார்ஜ் 10%' என்று போட்டிருந்தால், நம்மில் பலர் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். பரிமாறியவருக்குச் சேர வேண்டியது இதிலேயே வந்துவிட்டது, தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம். கார்டைத் தேய்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

அந்த முடிவு சரியாக இருக்க வேண்டுமென்றால், அந்தப் பத்து சதவீதம் நிஜமாகவே பரிமாறியவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் அவருக்கு இரட்டை நஷ்டம். பில்லில் அப்படி எதுவும் போடாமல் இருந்திருந்தால் நாமாக ஏதோ கொஞ்சம் வைத்திருப்போம். போட்டதால் அதுவும் போச்சு. அவரைக் காட்டி வாங்கிய பணமோ கல்லாவோடு நின்றுவிட்டது. அது சேருகிறதா, நடுவில் எங்கெங்கே கரைகிறது, சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

டிப்ஸ் வேறு, சர்வீஸ் சார்ஜ் வேறு

டிப்ஸ் நாமாகக் கொடுப்பது. கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு, யாருக்கு என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது சாப்பிட வந்தவர். சர்வீஸ் சார்ஜை முடிவு செய்வது உணவகம். மெனுவின் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் அதுவும் விலையோடு சேர்ந்துவிடுகிறது. விலை யாருக்குச் சொந்தமோ அதுவும் அவருக்கே சொந்தம், அதாவது முதலாளிக்கு.

அமெரிக்க வரித் துறை 2012-ல் வெளியிட்ட ஒரு விளக்கம் இந்த வித்தியாசத்தை நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. பணத்தைக் கட்டாயமில்லாமல் கொடுத்தாரா? எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்தாரா? தொகை பேரத்தாலோ உணவகத்தின் விதியாலோ வந்ததாக இல்லாமல் இருக்கிறதா? யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை பொதுவாக அவரிடம் இருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வந்தால்தான் அது டிப்ஸ். ஆறு பேரோ அதற்கு மேலோ உட்காரும் மேஜைக்கு 18% தானாகச் சேர்ப்பது என்று ஒரு உணவகம் வைத்திருந்தால் அது டிப்ஸ் அல்ல, சர்வீஸ் சார்ஜ்தான் என்று அந்த விளக்கமே உதாரணம் காட்டுகிறது. என்ன பெயர் போட்டு வசூலித்தாலும் சரி. அந்தப் பணம் முதலில் உணவகத்தின் வருமானம். அதிலிருந்து ஊழியருக்கு ஏதாவது கொடுத்தால் அது அவருடைய சம்பளக் கணக்கில் வரும்.

துறை இதைச் சொன்னது வரிக் கணக்குக்காக. ஆனால் ஊழியர் பக்கத்திலிருந்து படித்தால் இதில் இன்னொரு சேதி இருக்கிறது: தனியாக ஒரு சட்டம் வந்து தடுக்காத வரை, சர்வீஸ் சார்ஜில் ஊழியருக்குக் கிடைப்பது முதலாளி மனது வைத்தால் கிடைப்பது. முழுவதையும் பிரித்துக் கொடுக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். பாதியைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பைசா கொடுக்காதவரும் பில்லில் அதே வார்த்தையைத்தான் அச்சடிக்கிறார். பில்லைப் பார்த்து எந்த உணவகம் எந்த ரகம் என்று சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

சட்டம் தலையிட்ட இடங்கள்

பிலிப்பைன்ஸில் இதற்குத் தொழிலாளர் சட்டத்திலேயே நேரடியான விதி உண்டு. வசூலாகும் சர்வீஸ் சார்ஜில் 85% ஊழியர்களுக்கு, 15% நிர்வாகத்துக்கு என்பது பழைய கணக்கு. 2019-ல் அதைத் திருத்தி, முழுவதையும் ஊழியர்களுக்கே சமமாகப் பிரிக்க வேண்டும், மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்குப் பங்கில்லை என்று ஆக்கினார்கள். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றலாம். மாதாமாதம், எல்லா மேஜையிலிருந்தும் என்று கணக்குப் பார்த்தால் அது சின்னத் தொகை அல்ல.

பிரிட்டன் கொஞ்சம் தாமதமாக வந்தது. டிப்ஸ் பங்கீடு பற்றிய சட்டம் 2023-ல் நிறைவேறி, 2024 அக்டோபர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. டிப்ஸோ சர்வீஸ் சார்ஜோ, முதலாளியின் கையோ கட்டுப்பாடோ பட்ட பணம் முழுவதும் ஊழியர்களுக்குப் போக வேண்டும் என்கிறது அது. வரிப் பிடித்தம் போன்ற சட்டப்படியான கழிவுகள் தவிர வேறெதையும் கழிக்கக் கூடாது. கார்டு மெஷினுக்கு வங்கி எடுக்கிற கமிஷனைக்கூட முதலாளிதான் ஏற்க வேண்டும். பணம் வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், கணக்கை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும்.

இந்தியாவில் சண்டை வேறு திசையில் போனது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கவும் கூடாது, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதத்தில் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து வழிகாட்டுதலை உறுதி செய்தது. வாடிக்கையாளர் விரும்பி டிப்ஸ் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

கவனித்தால், இந்தியாவில் கேள்வி 'வாடிக்கையாளரிடம் கட்டாயமாக வாங்கலாமா' என்பது. பிலிப்பைன்ஸிலும் பிரிட்டனிலும் கேள்வி 'வாங்கியதை யாருக்குக் கொடுத்தாய்' என்பது. முதல் கேள்விக்கு எவ்வளவு நல்ல தீர்ப்பு வந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கட்டாயம் இல்லாமல் கார்டில் போட்ட டிப்ஸும் முதலாளியின் கணக்குக்குத்தானே முதலில் போகிறது?

கடை மூடிய பிறகு

பங்கு பிரிக்கிற இடத்துக்குப் போவோம். பல உணவகங்களில் டிப்ஸை ஆளாளுக்கு வைத்துக்கொள்ளாமல் ஒன்றாகச் சேர்த்து, பாயிண்ட் கணக்கில் பிரிக்கிறார்கள். வேலையைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் இத்தனை பாயிண்ட். மொத்தப் பணத்தை மொத்தப் பாயிண்டால் வகுத்தால் ஒரு பாயிண்டின் மதிப்பு வந்துவிடும். முறையில் தப்பே இல்லை. தப்பு நடந்தால் எப்படி நடக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

ஒரு நாளில் சேர்ந்தது 6,000. பரிமாறுபவர் மூன்று பேர், ஆளுக்குப் பத்து பாயிண்ட். மேஜை துடைத்து எடுப்பவர் இரண்டு பேர், ஆளுக்கு ஆறு. சமையலறையில் மூன்று பேர், ஆளுக்கு ஐந்து. பாத்திரம் கழுவுபவர் ஒருவர், அவருக்கு மூன்று. எல்லாம் சேர்ந்து 60 பாயிண்ட். ஆக ஒரு பாயிண்ட் 100. பரிமாறுபவருக்கு 1,000, மேஜை துடைப்பவருக்கு 600, சமையல்காரருக்கு 500, பாத்திரம் கழுவுபவருக்கு 300.

இப்போது மேனேஜரையும் பட்டியலில் சேர்த்து அவருக்குப் 15 பாயிண்ட் கொடுக்கிறார்கள். மொத்தம் 75 ஆனது. ஒரு பாயிண்ட் 80-க்கு இறங்கியது. பரிமாறுபவருக்கு 800, பாத்திரம் கழுவுபவருக்கு 240. யாரும் யார் பாக்கெட்டிலும் கைவிடவில்லை, பட்டியலில் ஒரு பெயர் கூடியது, அவ்வளவுதான்.

அப்புறம் 'கார்டு கமிஷன், உடைந்த தட்டு, கிளாஸ்' என்று பிரிப்பதற்கு முன்பே பத்து சதவீதம் கழிக்கிறார்கள். 6,000 இப்போது 5,400. ஒரு பாயிண்ட் 72. பரிமாறுபவருக்கு 720, பாத்திரம் கழுவுபவருக்கு 216. மேஜையில் உட்கார்ந்து பணம் கொடுத்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் கணக்கில் 6,000 போய்ச் சேர்ந்தாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்களே, இங்கே பூசாரி பாயிண்ட் பட்டியலை எழுதுகிறவர்.

அமெரிக்காவில் 2018-ல் கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தி, முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ ஊழியர்களின் டிப்ஸில் எந்தக் காரணத்துக்காகவும் பங்கு எடுக்கக் கூடாது என்று போட்டதற்குக் காரணம் இந்த மாதிரிக் கணக்குகள்தான். மேனேஜரும் ராத்திரி வரை நின்று உழைக்கிறாரே என்று சிலர் வாதிடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பங்கு பிரிக்கும் அதிகாரம் உள்ளவரே பங்காளியாகவும் இருந்தால் அந்தப் பட்டியலை யார் கேள்வி கேட்பது? என்னைக் கேட்டால், அவருடைய உழைப்புக்கு விலை சம்பளத்தில் வர வேண்டும்.

பணம் முழுசாக வந்தும் நஷ்டம்

இதுவரை பார்த்தது நடுவில் எடுத்துக்கொள்வது. இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று இருக்கிறது. டிப்ஸ் ஒரு பைசா குறையாமல் ஊழியர் கைக்கு வரும். ஆனால் அது வருகிறது என்பதைக் காரணமாக வைத்துச் சம்பளத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள்.

இது ரகசியமாக நடப்பதுகூட இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே அனுமதிக்கிறது. அங்கே கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டும். 1991 முதல் அந்தத் தொகை மாறவே இல்லை. மீதி 5.12 டாலரை டிப்ஸ் ஈடுகட்டும் என்பது கணக்கு. ஈடுகட்டாவிட்டால் முதலாளி நிரப்ப வேண்டும். அப்படியென்றால் வாடிக்கையாளர்கள் கொடுக்கிற டிப்ஸில் மணிக்கு முதல் 5.12 டாலர் யாருக்கு லாபம்? ஊழியர் கைக்குத்தான் வருகிறது, ஆனால் முதலாளி கொடுக்க வேண்டியிருந்த கூலிக்குப் பதிலாக வருகிறது. தாராளமாக வைத்ததாக நினைத்தவர் நிஜத்தில் சம்பளம் போட்டிருக்கிறார். கலிபோர்னியா, வாஷிங்டன், மின்னசோட்டா போன்ற சில மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்வதில்லை. அங்கே முழுக் கூலிக்கு மேல்தான் டிப்ஸ்.

பிரிட்டனில் 2009 அக்டோபர் வரை டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது; அதன் பிறகு அடைத்துவிட்டார்கள். மலேசியாவில் இது ஹோட்டல் தொழிற்சங்கத்துக்கும் ஒரு ஹோட்டலுக்கும் நடந்த வழக்காகக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சர்வீஸ் சார்ஜையே அந்தக் கூலியை எட்டுவதற்குப் பயன்படுத்தப் பார்த்தது நிர்வாகம். 2021-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சர்வீஸ் சார்ஜ் ஊழியர்களுக்கு உரிய பணம், அதைக் கொண்டே அவர்களுக்குச் சம்பளம் போட முடியாது என்று முடித்தது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தின் மையத்தைத் தொட்ட தீர்ப்பு அதுதான். பணம் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, எதற்குப் பதிலாகச் சேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும்.

சமையலறை பக்கம்

சர்வீஸ் சார்ஜுக்கு ஆதரவாக முதலாளிகள் சொல்வதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். டிப்ஸ் கண்ணுக்குத் தெரிகிறவருக்குப் போகும். சாப்பாடு பிடித்திருந்தது என்று சந்தோஷப்பட்டு வைக்கிற பணம், அதைச் சமைத்தவருக்குப் போகாமல் கொண்டுவந்து வைத்தவருக்குப் போகிறது. உள்ளே அனலில் நிற்பவர், கையெல்லாம் சோப்பு ஊறப் பாத்திரம் கழுவுபவர் யாரையும் நாம் பார்ப்பதில்லை. எல்லார் பில்லிலும் ஒரே சதவீதம் வாங்கி எல்லோருக்கும் பிரித்தால் அந்தக் கோணல் நிமிரும். உண்மையிலேயே பிரித்தால்.

இன்னொன்று. நல்ல சேவைக்குப் பரிசுதான் டிப்ஸ் என்று நாம் நினைக்கிறோம். இதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர் கார்னல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் இருக்கிற தொடர்பு நாம் நினைப்பதைவிட மிகவும் பலவீனமானது என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற முடிவு. பில் பெரிதாக இருந்தால் டிப்ஸும் பெரிது, அவ்வளவுதான். ஒரே உழைப்பைப் போட்ட இரண்டு பேரில், விலை உயர்ந்ததை ஆர்டர் செய்த மேஜை யாருக்கு அமைந்ததோ அவருக்குக் கூட வரும்.

அப்படியானால் டிப்ஸையே எடுத்துவிட்டு, விலையைக் கூட்டி, நல்ல சம்பளம் போட்டால் என்ன? நியூயார்க் உணவக முதலாளி டேனி மேயர் 2015-ல் தன் உணவகங்களில் இதைத் தொடங்கினார். மெனுவில் விலை ஏறியது, டிப்ஸ் கிடையாது, வருமானம் சமையலறைக்கும் போகும் என்ற திட்டம். 2020-ல் அவரே டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். இது தனி ஆளாகச் செய்யக் கஷ்டமான காரியம். பக்கத்து உணவகத்தின் மெனுவில் விலை குறைவாகத் தெரியும். கடைசியில் டிப்ஸ் சேர்த்தால் அங்கேயும் அதே தொகைதான் ஆகும் என்றாலும், உள்ளே நுழைகிறவர் பார்ப்பது மெனுவை. நன்றாக டிப்ஸ் வாங்குகிற ஊழியர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பிரான்சில் போட்ட விலைக்குள்ளேயே சேவையும் அடக்கம் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. அதனால் அங்கே யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. நியாயமான வழி அதுதான் என்பது என் கட்சி. ஆனால் அது ஒரு முதலாளியின் நல்ல மனதால் வருவதல்ல.

சாப்பிடப் போகிறவர் என்ன செய்யலாம்?

முதலில் பில்லைப் படியுங்கள். வரிகளும் சர்வீஸ் சார்ஜும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டையும் அரசாங்கம் எடுப்பதாக நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வரி அரசாங்கத்துக்கு, சர்வீஸ் சார்ஜ் உணவகத்துக்கு. சில நாடுகளில் கட்டாய சர்வீஸ் சார்ஜின் மேலேயே வரி போடுவார்கள் என்பதையும் கவனியுங்கள். நாமாகக் கொடுக்கிற டிப்ஸுக்கு அது இல்லை.

'இந்த சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருமா?' என்று பரிமாறுபவரிடம் நேராகக் கேட்பது நல்ல எண்ணம்தான், ஆனால் பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கும்போது அவரால் என்ன சொல்ல முடியும்? 'வரும் சார்' என்பார். 'உங்களுக்கு எது வசதி, கார்டில் போடவா, கையில் தரவா?' என்று கேட்டுப் பாருங்கள். முதலாளியைக் குறை சொல்லாமலே அவர் பதில் சொல்லிவிட முடியும். 'கையில் கொடுங்களேன்' என்று உடனே வந்தால் கார்டில் போடுவதன் கதி என்ன என்று ஓரளவு புரிந்துவிடும்.

கையில் கொடுப்பதுதான் எப்போதும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். நேர்மையாகப் பிரிக்கிற இடத்தில் கார்டில் போட்டால் சமையலறைக்கும் சேரும். கையில் கொடுத்தால் வாங்கியவரோடு நின்றுவிடலாம். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்ல உரிமை உள்ள இடத்தில் எடுக்கச் சொல்லலாம். அப்படி எடுக்கச் சொன்னால் அதே அளவை, இல்லை முடிந்ததை, ஊழியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எடுக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வைக்காமல் வந்தால், முதலாளிக்குப் பாடம் சொன்ன மாதிரி இருந்தாலும், நியாயமாகப் பிரிக்கிற கடையில் அந்த ராத்திரி பாயிண்ட் மதிப்பு குறைவது ஊழியருக்குத்தான்.

உணவகத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. சொன்ன சம்பளம் டிப்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா? பாயிண்ட் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், அதை எழுத்தில் காட்டுவார்களா? சம்பளச் சீட்டில் டிப்ஸ் தனியாக வருமா? எதைக் கழித்துக்கொள்வார்கள்? விடுப்பில் இருந்த நாட்களுக்குப் பங்கு உண்டா? வேலையை விட்டு நிற்கிறவரின் கடைசி மாதப் பங்கு என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பங்கு அடுத்த மாதம்தான் பிரியும் என்றால், விட்டுப் போனவர் அதை வாங்க மறுபடி அந்தக் கடைக்குத்தான் வர வேண்டியிருக்கும். தயக்கத்தில் பலர் வருவதே இல்லை.